துஞ்சினார் முதல் பலி வரை: சாவுச் சொற்கள் பற்றி ஒரு திறனாய்வு

1987-ஆம் ஆண்டு மார்கழி மாதம். லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருந்தோம். காலை எட்டரை மணிக்கு அலுவலகம் கிளம்புகிற நேரத்தில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்திக் கதவைத் தட்டினார். தென்காசியிலிருந்து என் அண்ணாச்சி கொடுத்த தந்தி. 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்று நாலே சொல்.

மாடிவீட்டுப் பாலக்காட்டு மாமி அதை வாங்கிப் படித்தார்கள். ஒன்றும் பேசாமல் மேலே போய், ஒரு தட்டில் சோறும் ரசமும் கொண்டு வந்து வைத்தார்கள். "ரயில்ல எதுவும் தொண்டையில எறங்காது. இப்பவே ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்கோ" என்றார்கள். எனக்கு அப்போது வயது இருபத்தாறு. தந்தியில் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே நம்பினேன். போகிற வழியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி அப்பாவுக்கு என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு டஜன் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டேன்.

தில்லியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து இன்னொரு ராத்திரி ரயில் என்று தென்காசி போய்ச் சேர்ந்தபோது நீர்மாலை, நெய்ப்பந்தம் எல்லாம் முடிந்து அப்பா சாம்பலாகி இரண்டு நாள் ஆகியிருந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் கையுமாக நடு வாசலில் நின்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்து, "அதை அங்கன வையி" என்று மட்டும் சொன்னாள். அண்ணாச்சியிடம் அன்றைக்கே சண்டை போட்டேன். "மூணு நாள் ரயில்ல நீ ஒத்தையில அழுதுக்கிட்டே வரணுமாடே? அதான் அப்படிப் போட்டோம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்குக் கிடைக்காமல் போனதிலும் நியாயம் இருந்தது.

தந்தி என்ற ஏற்பாடே 2013 ஜூலையோடு இந்த நாட்டில் முடிந்துவிட்டது. ஆனால் சாவைச் சொல்லாமல் சொல்லுகிற வழக்கம் முடியவில்லை. தமிழில் அதற்கென்று எத்தனை சொற்கள், அவை யாரைக் காக்கின்றன, யாரை ஏமாற்றுகின்றன, யாரைக் கீழே தள்ளுகின்றன என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மங்கலம் என்னும் இலக்கணம்

பள்ளியில் இலக்கணம் படித்தவர்களுக்குத் தகுதி வழக்கு மூன்று என்பது நினைவிருக்கும்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பெயரியலில் வருவது இது. இவற்றில் மங்கலத்துக்கு நாம் மனப்பாடம் செய்த எடுத்துக்காட்டுகள் செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும். துஞ்சுதல் என்றால் உறங்குதல். சாவை உறக்கமாகவும் பிறப்பை விழிப்பாகவும் காணும் கருத்து திருக்குறளின் நிலையாமை அதிகாரத்திலும் இருக்கிறது.

இந்தத் 'துஞ்சினார்' வெறும் பாடப்புத்தகச் சொல் அன்று. வரலாற்றில் வாழ்ந்த சொல். புறநானூற்றுக் குறிப்புகளில் வரும் அரசர் பெயர்களைப் பாருங்கள்: குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன், கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. சேர, சோழ, பாண்டிய குலம் மூன்றிலும் இப்படிப் பெயர்கள் உண்டு. ஒரே பெயரில் பல அரசர்கள் இருந்ததால், எந்த இடத்தில் இறந்தான் என்பதே அடையாளம் ஆகிவிட்டது. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளிலும் இவ்வழக்குத் தொடர்கிறது. சுந்தர சோழனைப் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்கிறார்கள். 1054-இல் கொப்பத்துப் போரில் யானை மீதிருந்தபடியே உயிர்விட்ட முதலாம் இராசாதிராசனை ஆனைமேல் துஞ்சின தேவர் என்கிறார்கள். போர்க்களத்து யானை முதுகில் யாருக்குத் தூக்கம் வரும்? ஆயினும் கல்வெட்டு எழுதியவனுக்கு அதுதான் முறையான சொல்.

இதற்கு ஒத்த வழக்கு அண்மைக்காலம் வரை நம் அண்டை நாட்டில் இருந்தது. கேரளத்தில் மன்னர் இறந்தால் 'தீப்பெட்டு' என்பார்கள். கொச்சி அரசர்களை அவர்கள் இறந்த ஊரை வைத்தே குறிப்பார்கள். 1932-இல் சென்னையில் இறந்த கொச்சி மன்னருக்கு 'மதராசில் தீப்பெட்ட தம்புரான்' என்றே பெயர். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனும் இவரும் ஒரே மரபின் இரண்டு முனைகள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துஞ்சினார் என்பது அரசனுக்கு. அதே காலத்து நடுகற்களில் சாதாரண வீரனுக்கு என்ன சொல்? 'பட்டான்'. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுப்பைப் புரட்டினால், ஆநிரையை மீட்கப் போய் மாண்டவன் எல்லாம் 'பட்டான்' என்றே முடிகிறான். படுதல் என்றால் விழுதல். விழுந்ததை விழுந்தான் என்று கல்லில் வெட்டி, அவன் கையில் வில்லையும் கொடுத்து, கும்பிட்டார்கள். மூடி மறைக்காத சொல்லாக இருந்தும் அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆகவே மங்கலச் சொல் இருந்தால்தான் மரியாதை என்ற எண்ணம் நம் மொழியின் தொடக்கத்திலேயே இருந்தது என்று சொல்ல முடியாது.

தேய்ந்த மங்கலம்

இன்று நாம் நடுநிலையான சொல் என்று நினைப்பது 'இறந்தார்' என்பதை. படிவங்களில் இறப்புச் சான்றிதழ் என்று அச்சிடுவதும் இதனால்தான். ஆனால் இந்தச் சொல்லின் பழைய பொருள் சாவு அன்று. இறத்தல் என்றால் கடத்தல், எல்லை தாண்டிப் போதல். 'இறந்த காலம்' என்று இலக்கணத்தில் சொல்லும்போது காலம் செத்துவிட்டது என்றா பொருள்? கடந்துவிட்டது என்றுதானே பொருள். எனவே 'இறந்தார்' என்பதும் ஒரு காலத்தில் 'கடந்து போனார்' என்ற மங்கலச் சொல்தான். ஆயிரக்கணக்கான வாய்களில் புழங்கிப் புழங்கி மேற்பூச்சு தேய்ந்து, இன்று நேர்ச்சொல் ஆகிவிட்டது.

தில்லியில் முப்பது வருஷம் குடியிருந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பக்கத்து வீட்டுக்காரர் 'குஜர் கயே' என்கிறார். அதுவும் கடந்து போனார் என்பதுதான். 'நஹீ ரஹே' என்றால் இல்லாமல் போனார். பஞ்சாபி நண்பர்கள் 'பூரே ஹோ கயே' என்பார்கள், முழுமை அடைந்தார். நம் ஊரில் "அவுக இப்ப இல்லை", "முடிஞ்சு போச்சு" என்று சொல்வதும் இவையும் ஒரே மனத்தின் வேலை.

ஆக, மங்கலச் சொல் நிலையாக இருப்பதில்லை. துஞ்சினார் வழக்கொழிந்தது. இறந்தார் நேர்ச்சொல் ஆனது. காலமானார் இப்போது அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. புதிதாக வந்திருப்பவை கைப்பேசிக் குழுக்களில் ஓடும் 'ஓம் சாந்தி'யும் 'ஆர்.ஐ.பி.'யும். மூன்று எழுத்தில் இரங்கலை முடித்துக்கொள்ளும் இந்த வசதியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தந்தியில் சொல்லுக்குக் காசு எண்ணிய தலைமுறை நாங்கள்.

இதில் என் குறை நம் பாடநூல்கள் மீதுதான். மங்கலத்துக்கு இன்றைக்கும் துஞ்சினாரையே முதல் எடுத்துக்காட்டாகத் தருவதால், அது என்றோ முடிந்துபோன வழக்கு என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். தங்கள் பாட்டி தினமும் வாயால் செய்துகொண்டிருப்பதும் அதே இலக்கணம்தான் என்பது தெரியாமல் போகிறது.

யாருக்கு எந்தச் சொல்?

குழுவுக்குக் குழு சொல் மாறுவதையும் பார்க்க வேண்டும். வைணவர் ஒருவர் போனால் திருநாடு அலங்கரித்தார், ஆசார்யன் திருவடி அடைந்தார். சைவருக்குச் சிவலோகப் பதவி. கிறித்தவருக்குக் கர்த்தருக்குள் நித்திரை. (துஞ்சினார் வடமொழி உடுத்தித் திரும்பி வந்தது போல் இருக்கிறது அல்லவா?) இசுலாமியருக்கு வஃபாத், மவுத். பகுத்தறிவாளர் வீட்டில் இறைவனடியும் வேண்டாம், சிவலோகமும் வேண்டாம் என்று 'இயற்கை எய்தினார்' என்று போட்டார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்க்கும் ஒரு மங்கலச் சொல் தேவைப்பட்டது என்பது சிந்திக்கத் தக்கது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் 'தோற்றம் - மறைவு' என்பதும் 'மலர்வு - உதிர்வு' என்பதும் இந்த வரிசையில் சேரும்.

இவை எல்லாம் பக்கவாட்டு வேறுபாடுகள். ஒன்றுக்கொன்று மேலும் இல்லை, கீழும் இல்லை. ஆனால் மேல்கீழாக அடுக்கும் வழக்கும் நம்மிடம் உண்டு. தலைவர் மறைந்தார். அதிகாரி காலமானார். குமாஸ்தா இறந்தார். கூலிக்காரன் செத்தான். ஒரே நாளிதழின் ஒரே பக்கத்தில் இந்த நான்கையும் நான் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய இதே அடுக்கு மலாய் மொழியிலும் இருப்பதை மலேசியத் தமிழர்கள் அறிவார்கள்: அரசருக்கு 'மங்காட்', மனிதருக்கு 'மெனிங்கல் துனியா', அதாவது உலகை விட்டு நீங்கினார், விலங்குக்கு 'மாத்தி'.

நம் 'சா' என்ற வேருக்கு நேர்ந்ததும் இதுதான். இது தென்மொழிகளுக்கெல்லாம் பொதுவான பழைய வேர். தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் குடியிருப்பு நாயர் ஒருவரிடம், மலையாளத்தில் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "எங்க அச்சன் சத்துப் போயி" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. மலையாளத்தில் 'சத்து' என்பது நாய்க்கும் பூனைக்கும். மனிதர் என்றால் 'மரிச்சு' என்றுதான் சொல்ல வேண்டுமாம். வடமொழிச் சொல் மனிதருக்கு, சொந்தச் சொல் விலங்குக்கு. தமிழில் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் அந்தப் பாதையில் பாதி தூரம் வந்துவிட்டோம்.

வள்ளுவர் இப்படிக் கூசவில்லை. தலைவன் கண்கலங்கும்படி ஒரு வீரனுக்கு நேரும் முடிவு கேட்டு வாங்கத் தக்கது என்று படைச்செருக்கு அதிகாரத்தில் சொல்லும்போது அவர் ஆள்வது 'சா' என்னும் வேரைத்தான். ஊர்ப் பழமொழிகளும் கூசவில்லை. ஆறிலும் சாவு நூறிலும் சாவு. சாகத் துணிந்தவனுக்குச் சமுத்திரம் முழங்கால் மட்டம். சாகிற காலத்தில் சங்கரா சங்கரா. கீழக்கரை வள்ளல் சீதக்காதியைப் புகழும்போதும் 'செத்தும் கொடுத்தான்' என்றுதான் ஊர் சொல்லிற்று. வஃபாத் ஆகியும் கொடுத்தார் என்று சொல்லவில்லை. நான் எண்ணிப் பார்த்த வரையில், பழமொழியில் 'இறந்தாலும்' என்ற மரியாதை யானைக்குத்தான் கிடைத்திருக்கிறது. அதுவும் 'இருந்தாலும்' என்பதோடு எதுகை சேர வேண்டும் என்பதற்காக. பொது உண்மையைச் சொல்லும்போது நேர்ச்சொல், ஓர் ஆளைச் சொல்லும்போது மறைசொல் என்பது மக்கள் வகுத்துக்கொண்ட நயமான இலக்கணம். அதில் எனக்குக் குறை இல்லை. ஆளுக்கு ஆள் தராசு வைத்துச் சொல்லை நிறுப்பதில்தான் குறை.

பூவும் பொட்டும்

பெண்களின் சாவைப் பற்றிய சொற்களில் இந்தத் தராசு இன்னும் கொடுமையானது. கணவனுக்கு முன் போனவளைப் "பூவும் பொட்டுமாப் போய்ச் சேர்ந்தா, மகராசி" என்பார்கள். கேட்பதற்கு வாழ்த்துப் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த வாழ்த்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கைம்பெண்ணின் காதில் எப்படி விழும்? உயிரோடு இருப்பதே அவள் செய்த குற்றம் என்று அல்லவா விழும்? கணவன் முந்திக்கொண்டால் 'புருஷனை முழுங்கினவ' என்ற வசை வேறு. ஆண் யாரையும் 'பெண்டாட்டியை முழுங்கினவன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

'மாமியார் செத்து ஆறாம் மாதம் மருமகள் கண்ணில் கண்ணீர்' என்று கேலி செய்கிறோம். அந்த மருமகள் அந்த வீட்டில் பட்டது என்ன என்பதற்குப் பழமொழி இல்லை. ஒப்பாரியில்தான் அதற்கு இடம் உண்டு. செத்தவரைப் பாடுகிற சாக்கில் தன் கதையை முழுக்கச் சொல்லித் தீர்க்க நம் பெண்களுக்குக் கிடைத்த ஒரே மேடை அது. அப்பா காரியத்தில் என் அத்தை பாடிய ஒப்பாரியில் அப்பாவைப் பற்றி வந்தது கால் பங்குதான். முக்கால் பங்கு அவளுக்கு வராமல் போன சீரைப் பற்றியது. அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்குச் சிரிக்க மாட்டேன்.

பலி என்ற சொல்

இப்போது நாளிதழ்ச் சொல் ஒன்றுக்கு வருகிறேன். 'லாரி மோதி 3 பேர் பலி', 'மழைக்கு 7 பேர் பலி', 'விஷவாயு தாக்கித் தொழிலாளர்கள் பலி'. நாம் படித்துப் படித்து இதில் எதுவும் உறுத்தாமல் போய்விட்டது. பலி என்றால் என்ன? தெய்வத்துக்குக் கொடுப்பது. ஆட்டைப் பலி கொடுத்தார்கள் என்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார், வாங்கிக்கொண்ட தெய்வம் ஒன்று இருக்கிறது. லாரிக்கும் மழைக்கும் சாக்கடைக்கும் யார் பலி கொடுத்தது?

தலைப்பில் இடம் குறைவு, இரண்டே எழுத்து என்பது பத்திரிகை நண்பர்கள் சொல்லும் காரணம். சாவு என்பதும் இரண்டே எழுத்துத்தான். பலி என்று எழுதும்போது, நேர்ந்தது ஏதோ விதிப்படி செலுத்த வேண்டிய காணிக்கை போல ஆகிவிடுகிறது. கழிவுத் தொட்டிக்குள் மனிதனைப் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அப்படி இறப்பவர் குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. சட்டப்படி இறக்கக் கூடாத இடத்தில் ஒருவரை யாரோ இறக்கிவிட்டார்கள். அதனால் அவர் செத்தார். இதில் எழுவாய் ஒன்று உண்டு. 'விஷவாயு தாக்கிப் பலி' என்ற தலைப்பில் அந்த எழுவாய் காணாமல் போய், வாயு குற்றவாளி ஆகிவிடுகிறது. தில்லியிலும் தமிழ்நாட்டிலும் இந்தச் செய்தி மாறி மாறி வருகிறது. சொல் மட்டும் மாறுவதில்லை.

எழுவாய்க்காகப் போராடிய தாய்மார்களும் இருக்கிறார்கள். இலங்கையில் போர் முடிந்த 2009-க்குப் பின் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர், 2017 முதல் கிளிநொச்சி, வவுனியா முதலிய இடங்களில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். 'காணாமல் போனோர்' என்ற சொல்லை அவர்கள் ஏற்கவில்லை. எங்கள் பிள்ளைகள் தாமாகக் காணாமல் போகவில்லை, 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதுங்கள் என்றார்கள். ஒரு செயப்பாட்டு வினைக்காக வெயிலில் உட்கார்ந்த அந்தத் தாய்மாரைவிட நல்ல இலக்கண ஆசிரியரை நான் கண்டதில்லை. மரணச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள மறுத்தவர்களும் அவர்களில் உண்டு. எப்படி, யாரால் என்று சொல்லாமல் 'இறந்தார்' என்று மட்டும் எழுதித் தரும் தாளுக்கு என்ன பொருள் என்பது அவர்கள் கேள்வி.

தவறு என்ன?

நம் தில்லிப் பிள்ளைகளிடம் வருவோம். 1998-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்து தொலைபேசி. எடுத்தவன் எட்டு வயதான என் மகன். லக்ஷ்மிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி இருப்பதால் அவனுக்குத் தமிழ் எழுதப் படிக்க வரும். போனை வைத்துவிட்டு வந்து கேட்டான்: "அப்பா, மாமாத் தாத்தா தவறிட்டாங்களாம். அவுங்க என்ன தப்புப் பண்ணினாங்க?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, துக்கமும் வந்தது. 'சரியா தவறா எனக் குறிப்பிடுக' என்று வகுப்பில் எழுதிப் பழகியவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? கை தவறிப் பாத்திரம் விழுவது, பை தவறிப் போவது போல, நம் கையிலிருந்து ஒருவர் நழுவிப் போய்விட்டார் என்ற பொருளில் வந்த சொல் அது என்று விளக்கினேன். "அப்போ தப்பு நம்மளோடதா?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவன் தலைமுறைக்குத் தெரிந்தவை சௌத்தா, தேரஹ்வீ, உடாலா. துட்டி என்றால் தெரியாது, கேதம் என்றால் தெரியாது. துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது, சொல்லாமல் எழுந்து வர வேண்டும் என்பதும் தெரியாது. மற்ற வீடுகளில் "போறேன்" என்பதே அமங்கலம், "வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் மட்டும் "வரேன்" என்பது அமங்கலம். இந்த ஒரு வழக்கிலேயே நம்மவர் சாவைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது முழுக்க இருக்கிறது. இதை யாரும் பாடத்தில் சொல்லித் தருவதில்லை. தவறாகச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் முறைக்கும்போதுதான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். சிலர் அதோடு தமிழில் பேசுவதையே விட்டுவிடுகிறார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939-இல் பின்னிணைப்பாகவும் வந்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் சொல்கிறது. ஆனால் எந்தச் சொல்லை யாரிடம், எப்போது, எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்பது அகராதியின் வேலை அன்று. அது வீட்டின் வேலை. வீடு ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்துவிட்ட பிறகு, அந்த வேலையில் ஒரு பங்கைச் சங்கங்களும் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மாமி

பணி ஓய்வுக்குப் பின் நாங்களும் மாடிவீட்டு மாமி குடும்பமும் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, மயூர் விஹாரில் பக்கத்துப் பக்கத்து அடுக்ககங்களில் குடியேறினோம். 2021 ஏப்ரல் கடைசி வாரம். தில்லியில் மயானங்களில் இடமில்லாமல், நடைபாதைகளிலும் வாகன நிறுத்தங்களிலும் சிதை அடுக்கிய நாள்கள். மாமி வீட்டிலேயே போய்விட்டார்கள். மகன் டொரொண்டோவில். அந்த வாரம்தான் கனடா இந்திய விமானங்களை நிறுத்தியிருந்தது. அவனுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு என்னிடம் வந்தது.

போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 'அம்மாவுக்குக் கொஞ்சம் முடியலை' என்று தொடங்கலாம். அண்ணாச்சி எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்யலாம். ஆனால் அண்ணாச்சியின் தந்திக்கு ஒரு காரணம் இருந்தது: நான் ரயிலில் வர வேண்டியிருந்தது. இவன் எங்கும் வர முடியாது. மறைத்தால் அது அவனைக் காப்பதற்காக இருக்காது. அந்தச் சொல்லைச் சொல்லும் கஷ்டத்திலிருந்து என்னைக் காப்பதற்காகத்தான் இருக்கும்.

"அம்மா இறந்துட்டாங்கப்பா. இன்னிக்குக் காலையில நாலரை மணிக்கு" என்றேன். காலமாயிட்டாங்க என்று சொல்லவில்லை. ஆசார்யன் திருவடி என்று மற்றவர்கள் எழுதட்டும். மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டான்: "நீங்க பார்த்தேளா?" பார்த்தேன் என்றேன். "ராத்திரி சாப்பிட்டாளா, மாமா?" "ரசஞ்சாதம் ரெண்டு வாய்" என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதான்.

நான் திறனாய்வாளன் அல்லன். ஓய்வுபெற்ற அரசு ஊழியன். எனக்கு எட்டிய வரையில் சாவுச் சொல்லுக்கு ஒரே உரைகல்தான் உண்டு: இந்தச் சொல் யாரைக் காக்கிறது? துக்கப்படுகிறவரைக் காத்தால் அது மங்கலம். சொல்லுகிறவரை மட்டும் காத்தால் அது கோழைத்தனம். செய்தவரைக் காத்தால் அது பொய். துஞ்சினார் என்ற சொல்லையும் பலி என்ற சொல்லையும் இந்த ஒரே கல்லில் உரசிப் பார்க்கலாம்.

மலரைப் படிக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் புழங்கிய சாவுச் சொற்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். துட்டி, கேதம், எழவு, பெரிய காரியம், கல்யாணச் சாவு என்று எது இருந்தாலும் சரி. யாருக்குச் சொன்னார்கள், யாருக்குச் சொல்ல மாட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "அமங்கலம், வேண்டாம்" என்று வீட்டில் யாராவது தடுப்பார்கள். தடுக்கட்டும். அவர்கள் எந்தச் சொல்லால் தடுத்தார்கள் என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.